ஜெயகாந்தன்: தன் முடிவையே மறுவிசாரணைக்கு இழுத்த கலைஞன்

மஞ்சக்குப்பத்தில் பிறந்து, விழுப்புரத்தில் பாரதியைக் கேட்டு, சென்னைத் தெருக்களில் மனிதர்களைப் படித்தவர். நாவலுக்கும் திரைக்கதைக்கும் ஒரே நேர்மையைக் கொடுத்த எழுத்தாளரைப் பற்றி, அவர் பிறந்த பழைய தென்னாற்காட்டின் உப்பளக் கரையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

1964ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் முதல் பரிசு சத்யஜித் ராயின் 'சாருலதா'வுக்குப் போனது. சீனப் போரைப் பின்னணியாக வைத்துச் சேத்தன் ஆனந்த் எடுத்த 'ஹகீகத்' இரண்டாவதாக வந்தது. மூன்றாவது சிறந்த படம் என்ற நற்சான்றிதழைப் பெற்றது ஒரு தமிழ்ப் படம். பெயர் 'உன்னைப்போல் ஒருவன்'. அதை எழுதி இயக்கியவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். அதற்குமுன் அவர் ஒரு படத்தைக்கூட இயக்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிறந்தது கடலூரை ஒட்டிய மஞ்சக்குப்பத்தில்.

அவர்தான் ஜெயகாந்தன். சாகித்ய அகாதெமி விருது, ஞானபீடம், பத்மபூஷண் என்று பின்னாளில் வந்த பெருமைகளை வைத்தே அவரை இன்று நினைவுகூர்கிறோம். அந்தப் பெருமைகளுக்கெல்லாம் அடிப்படையான ஒரு குணம் அவரிடம் இருந்தது. தான் எழுதி முடித்த கதையிடமே திரும்பி வந்து, "நீ சொன்னபடி நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்கும் துணிச்சல் அது. சிறுகதையாகக் கொண்டாடப்பட்டதை நாவலில் மறுத்து எழுதினார். நாவலில் எழுதியதைத் திரையில் மீண்டும் சோதித்தார். சினிமாவை அவர் எழுத்தின் கீழ்ப்படியாக ஒருநாளும் நினைக்கவில்லை. ஒரு கேள்வியைக் கேட்பதற்கு இன்னும் ஓர் இடம் கிடைத்தது என்றே எடுத்துக்கொண்டார்.

மஞ்சக்குப்பத்து முருகேசன்

மரக்காணம் போகும் வழியில் இருக்கும் எங்கள் பிரம்மதேசத்துப் பெரியவர்களுக்கு மஞ்சக்குப்பம் தெரியாத ஊர் இல்லை. 1993இல் தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரியும்வரை, இந்த உப்பளக் கரைக்கும் கடலூர்தான் தலைநகரம். கலெக்டர் ஆபீஸ் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. பட்டாவோ மனுவோ எதுவானாலும் விடியற்காலை பஸ் பிடித்து அங்கேதான் போய் நிற்க வேண்டும். அந்த மஞ்சக்குப்பத்தில் 1934 ஏப்ரல் 24 அன்று, ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார் முருகேசன். ஜெயகாந்தன் என்பது பிறகு வந்த பெயர்.

அம்மாவும் அம்மா வழித் தாத்தா பாட்டியும் வளர்த்த பிள்ளை. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். விழுப்புரத்தில் இருந்த மாமாவின் வீட்டுக்கு வந்தபோதுதான் வேறொரு படிப்பு தொடங்கியது. மாமா பொதுவுடைமைக் கருத்துள்ளவர். பாரதியின் பாடல்களும் கட்சியின் பேச்சும் ஒன்றாகக் காதில் விழுந்தன. பாரதி 1908 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்த புதுச்சேரி, விழுப்புரத்துக்கும் எங்கள் கரைக்கும் பக்கத்து ஊர். அந்தக் காற்று இந்த வட்டாரத்தில் அப்போதும் வீசிக்கொண்டிருந்தது. கடைசிவரை ஜெயகாந்தன் தன் குருவாகச் சொன்ன பெயர் பாரதி.

1946இல் பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன வேலை கிடைக்கும்? தான் பார்த்த வேலைகளை அவரே பின்னாளில் பட்டியல் போட்டிருக்கிறார். மளிகைக் கடைப் பையன், மாவு மிஷின் வேலை, அச்சகத்தில் கம்பாசிட்டர், கைவண்டி இழுப்பு, சினிமாக் கொட்டகையில் பாட்டுப் புத்தகம் விற்பது என்று அது நீள்கிறது. இந்தப் பட்டியலைப் பரிதாபத்துக்காகப் படிக்கக் கூடாது. சேரி மனிதர்களின் பேச்சை அவரைப்போல எழுதியவர் தமிழில் குறைவு என்கிறோமே, அந்தக் காது இந்த வேலைகளில்தான் திறந்தது. கைவண்டி இழுப்பவனுக்கு மேட்டில் ஏறும்போது என்ன வார்த்தை வரும் என்று அவருக்குத் தெரியும். இழுத்தவர் அவர்.

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சகத்தில் வேலை கிடைத்தபோது வாழ்க்கை ஒரு திசையைப் பிடித்தது. கட்சி அலுவலகத்திலேயே தங்கினார். ஜீவானந்தம் போன்ற தலைவர்களின் பேச்சை அருகிலிருந்து கேட்டார். கம்பாசிட்டரின் வேலை விசித்திரமான பள்ளிக்கூடம். பிறர் எழுதியதை எழுத்து எழுத்தாகக் கையால் பொறுக்கி அடுக்க வேண்டும். எங்கே ஒரு சொல் மிகை, எங்கே ஒரு வாக்கியம் நொண்டுகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். 1940களின் இறுதியில் கட்சி தடைசெய்யப்பட்டபோது அந்தப் பள்ளிக்கூடமும் மூடியது. தஞ்சாவூருக்குப் போய் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தார். அங்கே கிடைத்த தனிமையில் நிறைய எழுதினார்.

பத்திரிகைகளின் பொற்காலத்தில்

1950களில் 'சரஸ்வதி' போன்ற சிற்றிதழ்கள் அவருக்கு இடம் கொடுத்தன. விஜயபாஸ்கரன் நடத்திய அந்த இதழில் வந்த கதைகள்தாம் இலக்கிய உலகத்தை அவர் பக்கம் திரும்ப வைத்தவை. ஜீவானந்தம் தொடங்கிய 'தாமரை'யிலும் எழுதினார். 1960களில் ஆனந்த விகடன் கதவைத் திறந்தது. அதன்பிறகு நடந்ததைத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி என்றே சொல்ல வேண்டும். சிற்றிதழில் எழுதிய அதே தீவிரத்தோடு லட்சக்கணக்கான வாசகர்களிடம் பேசினார். தீவிர எழுத்து ஒரு பக்கம், வெகுஜன எழுத்து மறுபக்கம் என்ற வேலியை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

அந்தக் காலத்தின் 'யுகசந்தி' எங்கள் பழைய மாவட்டத்துக் கதை. கணவனை இழந்த கீதா நெய்வேலியில் ஆசிரியை. நிலக்கரிச் சுரங்கத்தால் அப்போதுதான் புதிதாக எழுந்துகொண்டிருந்த நகரம் அது. மறுமணம் செய்துகொள்வதென்று அவள் முடிவெடுக்கிறாள். கடலூரில் இருக்கும் அப்பாவுக்கு அது இடியாக விழுகிறது. அவளைத் தலைமுழுகிவிடத் துணிகிறார். அந்த நேரத்தில் கௌரிப் பாட்டி எழுந்து, தான் பேத்தியோடு போய் இருக்கப்போவதாகச் சொல்கிறாள். மொட்டையடித்து, நார்மடி கட்டி, விதவைக் கோலத்திலேயே ஓர் ஆயுளைக் கழித்த கிழவி அவள்.

இந்தக் கதையில் புதுமையின் பக்கம் நிற்பது இளைஞர்களோ சீர்திருத்தவாதிகளோ இல்லை. பழமையின் வலியை முழுதாக அனுபவித்தவளே புதுமைக்குத் துணை போகிறாள். மாற்றம் என்பது வெளியிலிருந்து வரும் போதனை என்று நினைத்துக்கொண்டிருந்த வாசகருக்கு, அது வீட்டுக்குள்ளேயே, தொண்ணூறு சதம் பேர் திரும்பிப் பார்க்காத மூலையிலேயே இருக்கிறது என்று காட்டினார். கடலூருக்கும் நெய்வேலிக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் இரண்டு யுகங்கள் சந்தித்துக்கொண்டன.

சினிமாவுக்குள் நுழைந்த கோபம்

ஒரு காலத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகம் விற்ற பையன், 1960இல் ஒரு படத்துக்குப் பாட்டே எழுதினார். நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' அந்தப் படம். இடதுசாரிக் கலைஞர்கள் கூடி எடுத்த அந்த முயற்சிக்கு எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். ஜெயகாந்தன் எழுதிய பாடலைத் தமிழர்கள் இன்றும் பாடுகிறார்கள். அவர் எழுதியது என்பது பாடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆனால் பாட்டோடு திருப்தியடைகிறவர் இல்லை அவர். அன்றைய தமிழ் சினிமா ஏழையைப் பற்றி நிறையப் பேசியது. ஏழையை யோக்கியனாக, வீரனாக, கடைசிக் காட்சியில் வெற்றி பெறுகிறவனாகக் காட்டியது. ஜெயகாந்தனுக்குத் தெரிந்த ஏழைகள் அப்படி இருக்கவில்லை. அவர்களுக்கு ஆசை இருந்தது, பொறாமை இருந்தது, தப்பும் இருந்தது. அந்த முழு மனிதர்களைத் திரைக்குக் கொண்டுவரத்தான் 'உன்னைப்போல் ஒருவன்' என்ற தன் கதையையே எடுத்துக்கொண்டார்.

கதை மிக எளிமையானது. குடிசைப் பகுதியில் தங்கம் என்ற உழைப்பாளிப் பெண். அவளுக்குச் சிட்டி என்று ஒரு மகன். ஒரு கிளி ஜோசியக்காரன் அவள் வாழ்க்கையில் வருகிறான். மகனுக்கு அது பொறுக்கவில்லை. அவனுடைய வெறுப்பைத் தாங்க முடியாமல் ஜோசியக்காரன் விலகிப் போகிறான். தங்கம் ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். தான் வெறுத்த உறவில் பிறந்த அந்தச் சிசுவைச் சிட்டி தன் கையில் ஏந்திக்கொள்கிறான்.

இதில் யாரைக் குற்றவாளி என்பது? துணை வேண்டும் என்று நினைத்த தாயையா? தாய் தனக்கு மட்டும்தான் என்று நினைத்த பிள்ளையையா? அன்பு காட்ட வந்தவனையா? மூன்று பேரும் நியாயமானவர்கள். மூன்று நியாயங்கள் மோதும்போது ஓர் உயிர் போகிறது. வில்லன் இல்லாமல் துயரம் உண்டாகும் என்று 1965இல் தமிழ்த் திரையில் சொல்வதற்குப் பெரிய தைரியம் வேண்டும். பிரபாகர், காந்திமதி என்று நட்சத்திர வெளிச்சம் படாத நடிகர்களை வைத்துக்கொண்டார். வீணை சிட்டிபாபு இசையமைத்தார். விருது வந்தது. கொட்டகைகளில் கூட்டம் வரவில்லை. ராயோடு ஒரே பட்டியலில் இடம்பெற்ற அந்தப் படத்தைத் தமிழர்களில் மிகச் சிலரே பார்த்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது. நம் மொழியின் செல்வத்தை நாமே கவனிக்காமல் விட்ட கதை அது.

அவர் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டே 'யாருக்காக அழுதான்' நாவலைப் படமாக்கினார். ஒரு லாட்ஜில் எடுபிடி வேலை செய்யும் திருட்டுமுழி ஜோசப்புக்கு நாகேஷ். அன்றைக்குத் தமிழ்நாடே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகம் அது. திருடாமலேயே திருட்டுப் பட்டம் சுமந்து அழும் பாத்திரத்தை அந்த முகத்துக்குக் கொடுத்தார். சிரிக்கவைக்கும் நடிகனுக்குள் எவ்வளவு ஆழமான துயரம் இருக்க முடியும் என்று அந்தப் படம் காட்டியது. 'கை விலங்கு' என்ற அவருடைய கதை, எஸ்.வி. சுப்பையாவின் தயாரிப்பில், கே. விஜயன் இயக்கத்தில், 1969இல் 'காவல் தெய்வம்' ஆனது.

சினிமாவில் வேலை செய்துகொண்டே சினிமா மோகத்தை எதிர்த்தும் எழுதினார். 'சினிமாவுக்குப் போன சித்தாளு' என்ற குறுநாவலில் ரிக்‌ஷாக்காரன் செல்லமுத்துவின் மனைவி கம்சலையைத் திரைநாயகன் மீதான மயக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று எழுதினார். நடிகர்களின் செல்வாக்கு அரசியலையே நிர்ணயிக்கத் தொடங்கிய 1970களின் ஆரம்பத்தில் வந்த கதை அது. கம்சலையைக் கேலி செய்யாமல் எழுதினார் என்பதுதான் முக்கியம். அவளுடைய மயக்கத்துக்குப் பின்னால், நிஜ வாழ்க்கை அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை என்ற உண்மை இருந்தது. கோபம் முழுவதையும் அந்த மயக்கத்தை வியாபாரம் செய்கிறவர்கள் மீது வைத்தார்.

ஒரு மழை நாள், மூன்று விசாரணைகள்

நாவலாசிரியரும் திரைக்கதையாசிரியரும் ஓர் ஆளுக்குள் எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால், கங்காவின் கதையைத்தான் பார்க்க வேண்டும்.

1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தது. மழையில் பஸ்ஸுக்காக நிற்கும் கல்லூரிப் பெண், முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுகிறாள். அம்மா முதலில் கொதிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, அந்தக் குளியலோடு எல்லாம் முடிந்தது, நீ தூயவள் என்று தேற்றி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். ஊருக்குத் தெரியவில்லை. மகளின் வாழ்க்கை காப்பாற்றப்படுகிறது.

தமிழகம் கொந்தளித்தது. ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்று கேட்டவர்கள் ஒருபுறம். இப்படியொரு தாய் நமக்கு வாய்க்காதா என்று ஏங்கியவர்கள் மறுபுறம். பத்திரிகைகளிலும் மேடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் அந்தச் சண்டை நடந்தது. வேறொரு எழுத்தாளராக இருந்தால் தன் கதையின் முடிவை நியாயப்படுத்திக்கொண்டே வாழ்நாளைக் கழித்திருப்பார்.

ஜெயகாந்தன் நேர்மாறாகச் செய்தார். சரி, அந்த அம்மா தண்ணீர் ஊற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம், அப்போது என்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டார். சாவி ஆசிரியராக இருந்த தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் தொடராக எழுதினார். அதுவே புத்தகமானபோது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. இந்த நாவலில் அம்மா அலறிவிடுகிறாள். விஷயம் ஊர் முழுக்கத் தெரிகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரவு கொடுக்கும் வெங்கு மாமாவின் மனத்திலோ வேறு நோக்கம் இருக்கிறது. கங்கா படித்து, நல்ல உத்தியோகத்துக்குப் போகிறாள். சமூகம் மட்டும் அவளை அந்த மழை நாளிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதையையே அந்த நாவலுக்குள் கொண்டுவந்தார். ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதி, பத்திரிகையில் வந்த கதையாக அதைக் கங்கா படிக்கிறாள். தன் வாழ்க்கையில் நடக்காத ஒரு நல்ல முடிவை இன்னொருவர் கதையாக எழுதிவைத்திருப்பதைப் பார்க்கிறாள். எழுத்தாளரின் கருணை எழுத்தில் இருக்கிறது, வாழ்க்கையில் இருந்ததா என்ற கேள்வி வாசகரை நோக்கித் திரும்புகிறது. தன்னையும் தன் புகழ்பெற்ற கதையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த இந்தத் துணிவுக்கு ஈடாகத் தமிழ் நாவலில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. 1972இல் சாகித்ய அகாதெமி விருது இந்த நாவலுக்கு வந்தது.

மூன்றாவது விசாரணை திரையில் நடந்தது. 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' எடுத்த ஏ. பீம்சிங் 1977இல் இதைப் படமாக்கினார். கதை மட்டுமன்றித் திரைக்கதையும் வசனமும் பாடல்களும் ஜெயகாந்தனுடையவை. கங்காவாக லட்சுமி, அவளைக் காரில் ஏற்றிய பிரபுவாக ஸ்ரீகாந்த், ஆர்.கே.வி.யாக நாகேஷ். இசை எம்.எஸ். விஸ்வநாதன்.

நாவலில் நாம் கங்காவின் மனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம். அவள் நினைப்பதெல்லாம் சொற்களாக நமக்குக் கிடைக்கிறது. திரையில் அந்த வசதி இல்லை. மனத்துக்குள் ஓடுவதை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும், சொல்லாமல் விட்டதைப் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும். வசனத்துக்குப் பேர்போன எழுத்தாளர், அந்த மௌனத்துக்கும் இடம்விட்டு எழுதினார். லட்சுமி அதை நிரப்பினார். சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. தமிழ்ப் படத்தில் நடித்ததற்காக அந்த விருதைப் பெற்ற முதல் நடிகை அவர்தான்.

இன்றைய பெண் வாசகர்கள் இந்தக் கதையிடம் கடுமையான கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்கவும் வேண்டும். பாதிக்கப்பட்டவளுக்கு எதற்குத் தூய்மைச் சடங்கு? கெடுத்தவனைத் தேடிப்போய் அவனோடு நட்புக் கொள்ளும் நிலைக்குக் கங்காவை ஏன் கொண்டுபோக வேண்டும்? குற்றம் செய்தவனுக்குத் தண்டனை எங்கே? இவை நியாயமான கேள்விகள். நாவல் இதற்கெல்லாம் இன்றைய சட்டத்தின் மொழியில் பதில் சொல்லவில்லை. ஆனால் பெண்ணின் உடலில் குடும்ப மானத்தைக் கட்டிவைத்திருந்த ஒரு சமூகத்தை, அந்த மானத்தின் பெயரில் அது செய்யும் கொடுமையை நேராகப் பார்க்க வைத்தது. இன்று நாம் இந்தக் கேள்விகளைக் கேட்கிற இடத்துக்கு வந்து சேர்ந்ததில் அந்த நாவலுக்கும் பங்கிருக்கிறது. அவரும் கங்காவை அங்கேயே விட்டுவிடவில்லை. 'கங்கை எங்கே போகிறாள்' என்று இன்னொரு நாவலில் அவளைத் தொடர்ந்து போனார்.

பீம்சிங் கொடுத்த கை, லெனின் தொடர்ந்த வழி

பீம்சிங்கும் ஜெயகாந்தனும் சேர்ந்தது தமிழ்த் திரையின் நல்ல நேரங்களில் ஒன்று. குடும்பக் கதைகளால் கொட்டகைகளை நிரப்பிய இயக்குநர், தன் கடைசிக் காலத்தில், கொட்டகை நிரம்புமா என்ற உறுதியில்லாத கதைகளைத் தேடி வந்தார். 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' 1978இல் வந்தது. அந்த ஆண்டின் ஜனவரியிலேயே பீம்சிங் காலமாகிவிட்டார்.

நாடக நடிகை கல்யாணிக்கும் பத்திரிகை விமர்சகன் ரங்காவுக்கும் இடையே நடக்கும் திருமணத்தைப் பற்றிய கதை அது. யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஆனாலும் ஒருவர் அன்பு செய்யும் விதம் மற்றவருக்கு விளங்குவதில்லை. உறவு முறியும் இடத்திலும், பிறகு நோய் வந்து அவள் முடங்கும்போது அது புதிதாக அர்த்தம் பெறும் இடத்திலும், உரத்த குரல் எழாது. கணவன் மனைவி என்ற இரண்டு பேர் சமமாக உட்கார்ந்து பேசிக்கொள்வதைத் தமிழ்த் திரை அதுவரை அதிகம் பார்த்ததில்லை. லட்சுமியும் ஸ்ரீகாந்தும் அதற்கு உயிர் கொடுத்தார்கள். எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார்.

பீம்சிங்கின் மகன், படத்தொகுப்பாளர் பி. லெனின், அந்த உறவைத் தொடர்ந்தார். ஜெயகாந்தனின் 'ஊருக்கு நூறு பேர்' நாவலை அவர் 2001இல் படமாக்கினார். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படமும் அதுவே ஆனது. 1964க்கும் 2001க்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள். ஜெயகாந்தனின் எழுத்துக்கு இடம்கொடுத்த இயக்குநர்கள் ஒவ்வொருவரும் தங்கள் திறமையின் உச்சத்தைத் தொட்டார்கள்.

திரையுலகத்தில் தான் பட்டதையும் கற்றதையும் 'ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்' என்று தனிப் புத்தகமாகவே எழுதினார். சினிமாவுக்கு எழுதப் போகும் ஒவ்வொரு இளைஞரும் அதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். பணத்துக்கும் படைப்புக்கும் இடையே எங்கே கோடு போடுவது, யாரிடம் விட்டுக்கொடுப்பது, எதை எவரிடமும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அனுபவித்தவர் சொல்லும்போது அதற்குத் தனி எடை இருக்கிறது.

நிறுத்தத் தெரிந்தவர்

1973இல் விகடனில் வந்த 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலை அவருடைய உச்சம் என்று சொல்லும் வாசகர்கள் ஏராளம். வளர்ப்புத் தந்தை சபாபதிப் பிள்ளை விட்டுப்போன கிருஷ்ணராஜபுரத்து வீட்டைத் தேடி ஹென்றி என்ற இளைஞன் வருகிறான். சாதி தெரியாது, மதம் தெரியாது, பெற்றவர் தெரியாது. அன்பு மட்டும் தெரியும். கிராமம் அவனைத் தன்னவனாக ஏற்றுக்கொள்கிறது. வீட்டைக் கேட்டுச் சண்டை போட வேண்டிய உறவினர்கூட அவனைக் கட்டிக்கொள்கிறார். சந்தேகத்தையும் சண்டையையும் தவிர வேறெதற்கும் கிராமத்தில் இடமில்லை என்று நினைப்பவர்கள் இந்த நாவலைப் படிக்க வேண்டும்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அவருடைய பேனா மெல்ல ஓய்ந்தது. கடைசிப் பல ஆண்டுகளில் புனைகதை மிகக் குறைவு. அவருடைய அரசியல் நிலைகள் மாறின. பழைய தோழர்களுக்கு அதில் வருத்தம் இருந்தது. பிற்கால எழுத்துகளில் சிலவற்றை அவருடைய வாசகர்களே ஏற்கவில்லை. அவர் எதற்கும் சமாதானம் சொல்லவில்லை. எழுத வேண்டியது இல்லாதபோது எழுதாமல் இருப்பதும் நேர்மைதான் என்று வாழ்ந்தார். 1996இல் சாகித்ய அகாதெமி தன் மிக உயர்ந்த கௌரவமான ஃபெல்லோஷிப்பை அளித்தது. 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் வந்தது. அகிலனுக்குப் பிறகு அந்த விருதைப் பெற்ற இரண்டாவது தமிழ் எழுத்தாளர் அவர். 2009இல் பத்மபூஷண். 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் காலமானார்.

உப்பளக் கரை எழுத வேண்டியது

ஜெயகாந்தனின் எழுத்திலிருந்து இனி எங்கள் கரைக்கு வருகிறேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் பிரம்மதேசம். கிழக்கே போகப் போக மண் நிறம் மாறும், காற்றில் கரிப்பு ஏறும், கழுவேலி ஏரியின் நீர்ப்பரப்பைத் தாண்டினால் உப்பளங்கள். வெயில் காய வேண்டும், பாத்தியில் உப்பு இறங்க வேண்டும், வாரிக் குவிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மாதக்கணக்கில் வேலை இல்லை. மற்றவர்கள் மழைக்கு ஏங்கும்போது உப்பளத் தொழிலாளி வெயிலுக்கு ஏங்குகிறார். காலில் வெடிப்பும் கண்ணில் கூச்சமுமாக அவர்கள் குவித்த உப்பு, தமிழ்நாட்டின் பல சமையலறைகளுக்குப் போய்ச் சேருகிறது.

இந்த வாழ்க்கைக்கு இலக்கியத்தில் முன்னோடிகள் உண்டு. தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்த் தொழிலாளர்களிடம் பேசி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதினார். வேதாரண்யக் கரையின் பெண்களை சு. தமிழ்ச்செல்வி 'அளம்' நாவலில் எழுதினார். மரக்காணமும் அந்த வரிசையில் உறுதியாக நிற்க வேண்டும். தானே புயலும் ஃபெஞ்சல் புயலும் புரட்டிப்போட்ட பாத்திகள் இங்கே இருக்கின்றன. எக்கியார்குப்பத்தில் 2023இல் விஷச் சாராயத்துக்கு உயிர்களைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. உப்பளத்தில் உழைத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இவர்களில் எத்தனை தங்கம், எத்தனை சிட்டி, எத்தனை கௌரிப் பாட்டி!

அவர்களை எழுதப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு ஜெயகாந்தனிடமிருந்து மூன்று பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் பெரிய எழுத்தாளராக முடிந்ததற்குக் காரணம், சுற்றியிருந்தவர்கள் பேசியதை அவர் மரியாதையோடு கேட்டது. உப்பு வாருகிறவரின் பேச்சில் இருக்கும் சொல்லையும் நயத்தையும் அவருடைய மகளைவிட நன்றாக யாரால் எழுத முடியும்?

இரண்டாவது, ஏழையைப் பொம்மையாக்காமல் இருப்பது. நம் மக்களின் கஷ்டத்தை மட்டும் எழுதினால் அது மனு. அவர்களுடைய ஆசையையும் பிடிவாதத்தையும் தவறையும் சிரிப்பையும் சேர்த்து எழுதினால்தான் அது இலக்கியம். திரைக்கதைக்கும் இதே விதிதான். இன்று கையில் இருக்கும் செல்போனிலேயே குறும்படம் எடுத்துவிடலாம். கருவி வந்துவிட்டது. அந்தக் கருவிக்கு முன்னால் நிறுத்த வேண்டிய முழு மனிதரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

மூன்றாவது பாடம் எல்லாவற்றிலும் கடினமானது, மிகவும் அவசியமானது. கைதட்டல் வாங்கிய தன் முடிவையே அவர் நம்பிவிடவில்லை. பலரும் பாராட்டிய அம்மாவைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, அவள் இல்லாத உலகத்தில் அந்தப் பெண் எப்படி வாழ்வாள் என்று பல ஆண்டுகள் தேடினார். நல்லவர் ஒருவர் வந்து காப்பாற்றும் கதைகள் ஆறுதல் தரும். காப்பாற்ற யாரும் வராதவர்களுக்கும் ஒரு கதை வேண்டும். அந்த இரண்டாவது கதையை எழுதும் பொறுப்பைத் தமிழ் எழுத்தாளருக்கும் தமிழ்த் திரைக்கும் கடமையாக்கிவிட்டுப் போனவர் ஜெயகாந்தன். அவர் பிறந்த இந்தப் பழைய தென்னாற்காட்டு மண்ணிலிருந்து அந்தக் கடமையைத் தொடங்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.